ஆமையின் முப்பது நாள்

"அப்போ குடை வேண்டாங்கியா?"

"வேண்டவே வேண்டாம். இங்க ஒன்னை அழிச்சா அங்கயும் அழிஞ்சிருமாம். அதுக்குப் பேரு கண்ணாடி, அத்தான். என் மூஞ்சியில கரியிருந்தா அதுலயும் கரிதான் தெரியும்."

"சரி, அணிலு?"

"அணிலு நல்லாத்தான் இருக்கு. ஆனா இருநூறு ஜிபி தாண்டினா அதுக்கு மேல மேல அழணும். என்கிட்ட இப்பவே நூத்தியெண்பது இருக்கு."

"மிச்சம் ஆமைதான்."

"ஆமைக்கு அளவே கிடையாது. ஒரு கம்ப்யூட்டர்ல என்ன இருந்தாலும் அம்புட்டையும் தூக்கிக்கிடும். ஒன்னே ஒன்னுதான். நாம அழிச்ச ஃபைலை முப்பது நாளைக்குத்தான் வெச்சிருக்கும். அதுக்குப் பெறகு கேட்டா இல்லைன்னுரும்."

"அதென்ன முப்பது நாள்? எதுக்கும் நல்லாப் படிச்சுப் பாரு."

"நான் எதை அழிச்சேன் இதுவரைக்கும்? ஆறு வருஷத்துல ஒரு பூவைக்கூட அழிச்சதில்ல. முப்பது நாள் என்ன, மூணு நாள்னாலும் எனக்கு ஒன்னுதான்."

அந்தப் பக்கத்தில் 'முப்பது நாள்' என்பது இரண்டு இடத்தில் இருந்தது. கலைச்செல்வி முதல் இடத்தைப் படித்தாள். இரண்டாவது இடம் ஒரு சின்னக் கூட்டல் குறிக்குள் மடங்கிக் கிடந்தது. அதை அவள் தட்டவில்லை.

தாராவியில் கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவில் செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி என்றிருந்த வீட்டில், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இந்தப் பேச்சு நடந்தது. கலைச்செல்வி மேலறையில் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் பேச்சிராஜா ஏணியின் நாலாவது படியில் நின்று, தலையை மட்டும் மேலறைத் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டு, தரையில் முளைத்த தலை போலப் பேசிக்கொண்டிருந்தான். சட்டை மாற்றப் போகிறவன் பாதி வழியில் அகப்பட்டுக்கொண்டால் இப்படித்தான்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் இன்டர்நெட் வழியாக வாங்கி, எங்கோ தூர தேசத்துக் கட்டடம் ஒன்றில் பத்திரமாக வைத்துக்கொள்ளும் கம்பெனிகள் மூன்றை அவள் பார்த்து வைத்திருந்தாள். மூன்றின் பெயரும் வாயில் நுழையவில்லை. ஒன்று குடைப் படம் போட்டிருந்தது, ஒன்று அணில், ஒன்று ஆமை. அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

செல்வி செய்வது பஞ்சிங். எம்ப்ராய்டரி மெஷினின் ஊசி எந்த இடத்தில் இறங்க வேண்டும், எங்கே நூல் மாற வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று தையல் தையலாகச் சொல்லும் ஃபைலைக் கம்ப்யூட்டரில் செய்து கொடுக்கிற வேலை. ஒரு சேலை பார்டருக்கு நாற்பதாயிரம் தையல் வரும். அத்தனையும் அவள் கண்ணையும் கையையும் கடந்து போக வேண்டும். ஏழு வருஷம் உல்லாஸ்நகரில் ஒரு பட்டறையில் இந்த வேலையைப் பார்த்தாள். சயான் ஸ்டேஷனில் ஏறி, போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். யாருடைய முழங்கையோ தன் விலாவில் குத்தாத நாள் அந்த ஏழு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. பிறகு ஒரு கம்ப்யூட்டரை வாங்கி மேலறையில் போட்டுத் தானே தொழில் ஆரம்பித்தாள். இப்போது குர்லாவிலும் காட்கோபரிலும் இருந்து ஏழெட்டுப் பட்டறைக்காரர்கள் அவளுக்கு வாட்ஸப் அனுப்புகிறார்கள். "மேடம், போன தீபாவளிக்குப் போட்ட மீன்முள் பார்டர் இருக்குல்ல, அதையே கொஞ்சம் அகலமா." எல்லோரும் கேட்பது இதைத்தான். பழையதில் கொஞ்சம் மாற்றம். ஆறு வருஷத்து நாலாயிரம் டிசைனும் போய்விட்டால் செல்வியிடம் மிச்சமிருப்பது ஒரு நாற்காலியும் சயான் ஸ்டேஷனுக்குப் போகிற வழியும்தான்.

இது அவளுக்கு பிப்ரவரியில் உறைத்தது. காப்பி எடுத்து வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் ஏணியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக் காதில் வைத்தால் உள்ளே யாரோ நாக்கைத் தட்டுவது போல 'டக், டக்' என்றது. அதோடு சரி.

"லிஃப்டுக்கு அஞ்சு கயிறு உண்டு, தெரியுமா?" என்று பேச்சிராஜா அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான். அவன் செம்பூரில் ஒரு கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எதைப் பேசினாலும் நாலாவது வாக்கியத்தில் லிஃப்டுக்கு வந்துவிடுவான். "ஒத்தக் கயிறே முழு லிஃப்டையும் தாங்கும். மிச்சம் நாலு எதுக்கு?"

"உள்ள நிக்கறவன் நிம்மதியா நிக்க. நூறு வாட்டி சொல்லியாச்சு."

"அப்போ போடு ரெண்டாவது கயித்த."

அப்படித்தான் ஆமையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நெட்டில் இறங்குவது சுலபம், ஏறுவதுதான் பாடு என்பது செல்விக்கு அப்போதுதான் தெரிந்தது. கேபிள்காரர் கொடுத்த கனெக்‌ஷனில் சினிமா கொட்டும். நூற்றெண்பது ஜிபியை மேலே அனுப்பினாலோ அது கர்ப்பிணி ஏணி ஏறுவது போல ஏறியது. ராத்திரியும் பகலுமாகப் பத்தொன்பது நாள். பேச்சிராஜா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பான்: "எத்தனாவது மாடி?"

"இருபத்தி மூணு."

"அரே, நேத்தும் இருபத்தி மூணுதானே?"

"கதவுல கை வெச்சு நிப்பாட்டிருப்பாங்க. நீங்க போய்ப் பாருங்க."

நூறு சதவீதம் வந்த அன்று அவள் இரண்டு பேருக்கும் மாதுங்காவிலிருந்து வாங்கி வந்த மைசூர்பாகைத் தட்டில் வைத்தாள். அவன் தட்டைப் பார்த்துவிட்டு, "மொட்டை மாடியா?" என்றான். "மொட்டை மாடி" என்றாள். அந்த இரவு அவள் தூங்கிய தூக்கம், பிப்ரவரிக்குப் பிறகு தூங்காத தூக்கம்.

மே இரண்டாம் தேதி ஊருக்குக் கிளம்பினார்கள். மே மாதத்தில் தாராவியில் பாதிச் சந்து பூட்டிக் கிடக்கும். கோயில் கொடை, அதை ஒட்டி ஒரு கல்யாணம், அதை ஒட்டி ஒரு சடங்கு என்று ஒரு மாசம், சில வருஷம் அதற்கும் மேலே. இந்த வருஷம் கொடைக்குப் பிறகு பேச்சிராஜாவின் தங்கைக்குக் கல்யாணம். நாற்பத்து மூன்று நாள்.

புறப்படும்போது பேச்சிராஜா செய்கிற காரியம் ஒன்று உண்டு. கீழறைச் சுவரில் இருக்கிற மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் ஒரு சிவப்பு அட்டையை மாட்டுவான். லிஃப்ட் குழிக்குள் ஆள் இறங்கும்போது மாட்டுகிற அட்டை. 'ஆள் வேலையில் இருக்கிறார், சுவிட்சைப் போடாதீர்கள்' என்று மூன்று பாஷையில் எழுதியிருக்கும். பூட்டிய வீட்டுக்குள் யாருக்காக என்று செல்வி ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். "பழக்கம்" என்பான். எழுத்து வெளியே தெரிகிற மாதிரி நேராக்கி, இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வருவான்.

சாவியைப் பக்கத்து வீட்டு சைனபிடம் கொடுத்தாள் செல்வி. மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் சைனப். செல்வியைவிடப் பதினைந்து வயசு மூத்தவள். சந்தில் எல்லோருக்கும் அவள் லாத்தா.

"லாத்தா, மாதவ்னு ஒருத்தர் தார்ப்பாய் போட வருவாரு. மழைக்கு முன்னால பத்ராக் கூரைக்கு மேல விரிக்கணும். வந்தா மட்டும் திறந்து விடுங்க."

"அவன் வந்துட்டாலும்!" என்றாள் சைனப். "போன வருஷம் எங்க வீட்டுக்கு ஆகஸ்ட்ல வந்தான். குடை பிடிச்சுக்கிட்டு. நீ போயிட்டு வா புள்ள."

ஊரில் செல்வி கம்ப்யூட்டரை நினைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் ரவிக்கையைப் பார்த்தபோது விரல் தானாகத் தையலை எண்ணியது. ஆனால் பயம் இல்லை. ஆமை பார்த்துக்கொள்ளும்.

ஜூன் பதினாலாம் தேதி காலையில் திரும்பி வந்தார்கள். நாலு நாள் மழையில் சந்து முழுக்க நனைந்து, தகரமும் ஈரத்துணியும் கலந்த வாடையாக இருந்தது. சைனப் வாசலில் சாவியை நீட்டினாள். "வந்தியா? நல்லாருக்கியளா?" என்றவள் எப்போதும் போலக் கூடவே உள்ளே வரவில்லை. சாவி கை மாறியதும், அடுப்பில் என்னவோ இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

பேச்சிராஜா மெயின் அருகே போய் நின்றுவிட்டான்.

"செல்வி, இந்த அட்டையப் பாரு. எழுத்து சுவரைப் பாத்துட்டு இருக்கு."

"காத்துல திரும்பியிருக்கும்."

"பூட்டின வீட்டுக்குள்ள என்ன காத்து?"

"அத்தான், ரெண்டு நாள் ரயில்ல வந்திருக்கோம். மெயினைப் போடுங்க. நான் குளிக்கணும்."

போட்டான். செல்வி குளிக்கவில்லை. முதலில் மேலே ஏறி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறினாள். பட்டனை அமுக்கினாள். 'டப்' என்று ஒரு சத்தம், பட்டாசுக் கடையில் தவறி விழுந்த ஒற்றை வெடி போல. பிறகு கருகல் வாடை. கீழே ஃபேன் நின்றது.

பேச்சிராஜா ஸ்க்ரூ டிரைவரோடு ஏறி வந்து மூடியைக் கழற்றினான். உள்ளே தண்ணீர். ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒரு குழியில் தேங்கியிருந்தது, துளசிச் செடிக்கு ஊற்றியது போல. அண்ணாந்து பார்த்தார்கள். பத்ராவின் இரண்டு தகடும் சேர்கிற இடத்திலிருந்து ஒரு துருக்கோடு நேராக மேஜைக்கு இறங்கியிருந்தது. மாதவ் வரவே இல்லை.

"ஒன்னும் ஆகலை" என்றாள் செல்வி. அவள் குரல் அவளுக்கே நன்றாக இருந்தது. "இதுக்குத்தானே ஆமை."

ஆமையிடமிருந்து திருப்பி வாங்குவது எப்படி என்று பார்க்கப் போனில் மெயிலைத் திறந்தாள். வேலையெல்லாம் வாட்ஸப்பிலேயே நடப்பதால் அந்த மெயிலை அவள் கம்ப்யூட்டரில் உட்காரும்போது மட்டுமே திறப்பாள். நூற்றுப் பத்து மெயில் கிடந்தன. நடுவில், மே பதினாறாம் தேதியிட்டு, ஆமையின் பச்சைத் தலை.

'உங்கள் கணினியைப் பதினான்கு நாட்களாகக் காணவில்லை. முப்பது நாட்களுக்கு எங்களோடு இணையாத கணினியின் பிரதி எங்கள் சேமிப்பிலிருந்து நீக்கப்படும்.'

ஆங்கிலத்தில் இருந்ததை அவள் இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை ஒவ்வொரு சொல்லாக, வாயசைத்து. பிறகு போனைக் கணவனிடம் நீட்டினாள்.

அவன் படித்துவிட்டு, விரல் விட்டு எண்ணினான். மே இரண்டிலிருந்து ஜூன் ஒன்று. முப்பது. இன்றைக்குப் பதினாலு.

"அழிச்ச ஃபைலுக்குத்தானே முப்பது நாள்னு சொன்ன?"

"கம்ப்யூட்டருக்கும் முப்பது நாளாம்." செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாம ஊருக்குப் போயிருக்கோம்னு அதுக்கு எப்படித் தெரியும் அத்தான்? அங்கேருந்து பாத்தா, அணைச்சு வெச்ச கம்ப்யூட்டரும் செத்துப்போன கம்ப்யூட்டரும் ஒன்னுதானே?"

அவன் மெயினை அணைத்த கையைப் பார்த்தான். அந்தப் பார்வையைச் செல்வி பார்த்தாள். நாற்பது நாளுக்குமேல் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பிப் போகிற ஜனம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று, எங்கோ பனி பெய்கிற ஊரில் உட்கார்ந்து விதி எழுதியவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்த ஊரில் ஆட்கள் நாலு நாள் லீவில் போய்விட்டு வந்துவிடுவார்கள் போலிருக்கிறது.

அவள் கண்முன்னால் சயான் ஸ்டேஷனின் நாலாவது பிளாட்பாரம் வந்தது. எட்டு ஐந்து வண்டி. யாருடையதோ முழங்கை.

"உள்ள போயிப் பாத்தியா?" என்றான் பேச்சிராஜா.

"எதுக்கு? இல்லைன்னு எழுதியிருக்கும். அதையும் ஒருதரம் படிக்கணுமா?"

"செல்வி. கயிறு அறுந்துட்டுன்னு மெயில் பாத்து முடிவு பண்ண மாட்டோம். குழிக்குள்ள இறங்கித்தான் பாப்போம். நீ பாரு, இல்லைன்னா போனைக் குடு."

பாஸ்வேர்ட் அவள் பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நல்ல வேளை, டைரி கீழறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்ததால் நனையவில்லை. விரல் இரண்டு தடவை தப்பாக விழுந்தது. பக்கம் திறக்கத் தொடங்கியது. மழைக்காலத்து நெட். பச்சை வட்டம் சுற்றியது, சுற்றியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏளா" என்றான் பேச்சிராஜா. "கண்ணைத் திற."

'ஒரு கணினி. நூற்றெண்பது ஜிபி. கடைசியாகப் பார்த்தது: ஜூன் 9, காலை 11:42.'

அவள் ஒரு ஃபோல்டரைத் தட்டினாள். மீன்முள் பார்டர். இன்னொன்றைத் தட்டினாள். உல்லாஸ்நகரை விட்டு வந்த முதல் வாரத்தில் போட்ட ஆலிலை. அங்கேயே இருந்தது. எல்லாம் அங்கேயே இருந்தது. வரிசை வரிசையாக, பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி.

செல்வி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கேயோ தடுக்கி அழுகையாகி மறுபடி சிரிப்பாகியது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பேச்சிராஜா அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "மொட்டை மாடி, மொட்டை மாடி" என்று காரணமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்குத் தோன்றியது. "செல்வி, ஜூன் ஒம்பதாந்தேதி நாம எங்க இருந்தோம்?"

"உங்க தங்கச்சி வீட்டுல. மறுவீட்டு விருந்து."

"அப்போ பதினொன்னு நாப்பத்திரண்டுக்கு இந்த நாற்காலியில யாரு இருந்தா?"

இரண்டு பேரும் நாற்காலியைப் பார்த்தார்கள். அதன் முதுகில் ஒரு சின்ன ஊதாநிறக் கைக்குட்டை தொங்கியது. அது அவர்களுடையதல்ல.

அப்போது ஏணியின் அடியிலிருந்து சத்தம் வந்தது. "தேத்தண்ணி கொண்டாந்திருக்கேன்."

சைனப் மூன்று கண்ணாடி டம்ளரைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். இவர்கள் இறங்கி வந்தார்கள். பேச்சிராஜாவின் கையில் கைக்குட்டை இருந்தது. சைனப் அதைப் பார்த்தாள்.

"நானே சொல்லணும்னுதான் வந்தேன்" என்றாள் சைனப். "உன் ஃபைல் ஒன்னையும் தொடலை செல்வி. அல்லா மேல ஆணை. அந்தப் பக்கமே போகலை."

"லாத்தா…"

"இரு, சொல்லிர்றேன். நிறுத்தினா சொல்ல முடியாது. மாதவ் மே இருபதாந்தேதி வாரேன்னு போன் பண்ணினான். சாவியை எடுத்துட்டு வந்து உக்காந்தேன். வெக்கை தாங்கலை. ஃபேனுக்காகத்தான் மெயினைப் போட்டேன். அந்தச் சிவப்பு அட்டையைப் பாத்து பயந்துக்கிட்டேதான் போட்டேன், தம்பி. அவன் வரலை. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஃபேன் சத்தம் தவிர ஒரு சத்தம் கிடையாது."

அவள் வீட்டில் கீழறை முழுக்கத் தையல் மெஷின். அவள் கணவர் இனாயத்துல்லா தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். ஐந்து மெஷின் காலை எட்டிலிருந்து ஓடும். மேலறையில் மாமியாரும் மகள் மெஹக்கும் மற்றப் பிள்ளைகளும் டிவியும். சுவருக்கு இந்தப் பக்கம் செல்விக்கே அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது.

"நான் பம்பாய்க்கு வந்து இருபத்தாறு வருஷம். ஒரு ரூம்ல நான் மட்டும் உக்காந்தது அன்னைக்குத்தான்" என்றாள் சைனப். "மறுநாளும் அவன் வாரேன்னான். மறுநாளும் வரலை. அதுக்கு மறுநாள் அவன் வாரேன்னு சொல்லவே இல்லை. நான் வந்தேன்."

பேச்சிராஜா தட்டை மெதுவாக வாங்கித் தரையில் வைத்தான்.

"மெஹக் போன்ல ஒரு நாடகம் பாப்பா. நான் எட்டிப் பாத்தா, 'ஜானே தோ அம்மி, உனக்கு இதெல்லாம் புரியாது'ம்பா. இங்க உன் கம்ப்யூட்டர்ல பெருசாத் தெரியுமேன்னு… நீ எப்படித் திறப்பேன்னு பாத்திருக்கேன்ல? அதையே போட்டேன். தமிழ்ல பேசுறாங்க. ஒரு தீவு, எப்பப் பாத்தாலும் பனி. அங்க வீடு வீடாப் படகுல தபால் கொண்டு போற ஒரு பொம்பளை. எல்லாருக்கும் கடிதாசி வரும், அவளுக்கு மட்டும் வராது. தெனமும் ஒரு பாகம். பதினொன்னுலேருந்து பன்னெண்டு. முடிஞ்சதும் மெயினை அணைச்சு அட்டையை மாட்டிட்டுப் போயிருவேன். மழை பிடிச்சதும் வரலை. இவ்வளவுதான். கரண்ட் பில்லு என்ன வருதோ நான் கொடுத்துர்றேன். ஏசு, செல்வி. ஏசிரு. சும்மா நிக்காத."

செல்வி அவளைக் கட்டிக்கொண்டாள். சைனப் கைகளைத் தொங்கவிட்டபடி, மரம் போல, என்ன நடக்கிறதென்று புரியாமல் நின்றாள்.

"லாத்தா, நீங்க அந்தத் தபால்காரியப் பாக்கலைன்னா நான் நாளைக்கு உல்லாஸ்நகர் வண்டி ஏறணும்!"

விளக்கிச் சொல்ல நேரம் பிடித்தது. தினமும் பதினொரு மணிக்கு அவள் மெயினைப் போட்டதும் நெட் வந்து, கம்ப்யூட்டர் 'நான் இருக்கிறேன்' என்று தூர தேசத்துக்குச் சொல்லியிருக்கிறது என்பதைச் சைனப் வாயைத் திறந்தபடி கேட்டாள். முடிவில், "அப்போ நான் காலிபீலியா, வெட்டியாப் பார்த்துக்கிட்டு இருக்கலைன்னு சொல்லு" என்றாள்.

"அஞ்சாவது கயிறே நீங்கதான்" என்றான் பேச்சிராஜா.

சைனபுக்குக் கயிறு புரியவில்லை. ஆனாலும் சிரித்தாள். பிறகு உட்கார்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியை மூன்று பேரும் குடித்தார்கள். அவ்வளவு ருசியான ஆறிய தேத்தண்ணியைச் செல்வி குடித்ததில்லை.

மாஹிமில் ஒரு கடையில் செகண்ட் ஹாண்ட் கம்ப்யூட்டர் கிடைத்தது. அதை மேஜையில் வைக்கவில்லை. பத்ராவின் இணைப்புக்குக் கீழே வராத மூலையாகப் பார்த்துப் பேச்சிராஜா சுவரில் ஒரு பலகை அடித்தான். தண்ணீர்ச் சொட்டு எந்தப் பக்கம் விழும் என்று ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றியே சோதித்தான். மாதவும் வந்தார், ஒரு வழியாக, அவர் சொன்ன தேதிக்கு இருபத்தெட்டு நாள் கழித்து. தார்ப்பாயை விரித்துவிட்டு, "இனிமே டென்ஷன் நகோ, வேண்டவே வேண்டாம்" என்றார்.

டிசைன்கள் மூன்று நாளில் இறங்கிவிட்டன. இறங்குவது சுலபம்தானே. இறங்கி முடிந்த ஞாயிற்றுக்கிழமை செல்வி மறுபடியும் ஆமை, அணில் இரண்டின் பக்கங்களையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை கூட்டல் குறி கண்ட இடமெல்லாம் தட்டினாள். ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்தாள். பேச்சிராஜா ஏணியில் தலையாக நின்று கேட்டான். சைனப் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"அணிலு, கம்ப்யூட்டர் எத்தனை நாள் வரலைன்னாலும் வெச்சுக்கிடுமாம். நாம ரத்து பண்ற வரைக்கும். எழுத்துல போட்டிருக்கு."

"இருநூறு தாண்டினா அழணும்னியே?"

"அதைத்தான் இப்பப் பாத்தேன். நூத்தியெண்பதுல பட்டறைக்காரங்க அனுப்புன போட்டோவும் வீடியோவும்தான் நூத்தியெழுவத்தஞ்சு. என் தையல் எல்லாம் சேத்து அஞ்சு ஜிபிகூட இல்லை. நாலாயிரம் டிசைன், அத்தான்! ஆறு வருஷம்! அஞ்சு ஜிபி!" அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. "அணிலோட ஆகச் சின்னத் திட்டமே போதும். தையலெல்லாம் அணில்கிட்ட. ஆமையையும் விடலை. போட்டோவையெல்லாம் அது சுமக்கட்டும். ரெண்டு கயிறு."

"அடுத்த மே மாசம் ஆமை கோவிச்சுக்கிட்டா?"

"போட்டோதானே, போகட்டும். இல்லைன்னா சாவி லாத்தாகிட்டத்தான இருக்கும்."

அணிலுக்குப் பணம் கட்டி முடித்தாள். ஐந்து ஜிபி மேலே ஏறத் தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே தார்ப்பாயில் மழை சன்னமாகத் தாளம் போட்டது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. செல்வி காலை நீட்டி நாற்காலியில் சாய்ந்தாள். உடம்பில் எங்கேயும் வலி இல்லாதது போல இருந்தது.

சைனப் கீரைக் காம்புகளைத் தாளில் சுருட்டினாள். எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"செல்வி."

"என்ன லாத்தா?"

"அந்தத் தபால்காரிக்குக் கடைசியில ஒரு கடிதாசி வந்துச்சு. அவ பேருக்கே. கையில வெச்சுக்கிட்டுப் படகுல நிக்கறா, பிரிக்கலை. அதோட பாகம் முடிஞ்சிட்டு. மறுநாள் மழை."

"அதுக்கென்ன, இப்பவே போட்டுத் தாரேன். உக்காருங்க, எல்லாருமாப் பாப்போம்."

"இல்லை புள்ள." சைனப் தரையில் முளைத்திருந்த பேச்சிராஜாவின் தலையை ஒரு தரம் பார்த்தாள், பிறகு செல்வியைப் பார்த்தாள். காதோரம் சிவந்திருந்தது. "இன்னும் ரெண்டே ரெண்டு பாகம்தான். ரெண்டு மணி நேரம். நீங்க ரெண்டு பேரும் தப்பா நினைக்காம, சாவியை என்கிட்டத் தந்துட்டு, எங்கயாச்சும் வெளிய போயிட்டு வாரியளா?"